வீட்டில் பிட்காயின் நோட் வைக்கிறீர்களா? யாருக்கு எது தெரியும் என்று முதலில் பாருங்கள்

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள், வந்த கடிதத்தைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். பேரன் எவ்வளவு பணம் அனுப்பினான், மருமகளோடு என்ன மனஸ்தாபம், அடுத்த மாதம் ஏன் வர முடியாது, அத்தனையும் தபால்காரருக்கும் தெரிந்துவிடும். அவர் நல்லவராக இருந்தால் விஷயம் அதோடு போயிற்று. போனில் ஒரு பிட்காயின் வாலட்டை (பிட்காயினைப் பார்க்கவும் அனுப்பவும் உதவும் செயலி) இறக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இன்று அந்தப் பாட்டியின் இடத்தில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் போனில் பிளாக்செயின், அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளும் பிளாக் பிளாக்காக எழுதப்பட்ட பொதுக் கணக்குப் புத்தகம், இல்லை. வாலட்டைத் திறக்கும்போதெல்லாம் அது எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம் "இந்த நாற்பது பிட்காயின் முகவரிகளில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கிறது. சர்வர் பதில் சொல்கிறது. கூடவே அந்த நாற்பதும் ஒரே ஆளுடையவை, அந்த ஆள் இந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) இந்த நேரத்தில் கேட்டார் என்பதையும் தெரிந்துகொள்கிறது. சில ஹார்டுவேர் வாலட்டுகளின் (திறவுகோலைத் தனிச் சாதனத்தில் வைப்பவை) செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், எக்ஸ்பப் எனப்படும் நீட்டிக்கப்பட்ட பொதுத் திறவுகோலையே சர்வருக்கு அனுப்புகின்றன. அதை வைத்து யாரும் பணத்தை எடுக்க முடியாது, ஆனால் இதுவரை பயன்படுத்திய முகவரிகளோடு இனிமேல் பயன்படுத்தப் போகிற முகவரிகளையும் கணக்கிட்டுவிடலாம்.

"சொந்த நோட் வை, பிரைவசி வந்துவிடும்" என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இங்கிருந்துதான் பிறக்கிறது. நோட் என்பது பிளாக்செயினைத் தானே இறக்கிச் சரிபார்த்து, பிட்காயின் நெட்வொர்க்கில் மற்ற நோடுகளோடு நேரடியாகப் பேசும் கம்ப்யூட்டர். பாதி சரி. நோட் வைத்தால் தபால்காரர் போய்விடுகிறார், உங்கள் கடிதத்தை நீங்களே படித்துக்கொள்கிறீர்கள். மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை: இதுவரை பிட்காயின் நெட்வொர்க்குக்கு உங்கள் வீடு எங்கே என்றே தெரியாது, இப்போது உங்கள் வீட்டு இணைப்பு நேரடியாக அதில் போய் நிற்கிறது. உள்ளே ஒரு காதை மூடிவிட்டு வாசலில் ஒரு ஜன்னலைத் திறக்கிறோம். அந்த ஜன்னலுக்குத் திரை போடுவதுதான் இந்தக் கட்டுரையில் பாதி வேலை.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்களைப் பார்க்கக்கூடியவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். வாலட் நிறுவனத்தின் சர்வர். உங்கள் இணைய சேவை நிறுவனம். மற்ற நோடுகளைப் போல வேடமிட்டு நெட்வொர்க்கில் சுற்றும் வேவுக்காரர்கள். நீங்கள் பிட்காயின் வாங்கிய எக்ஸ்சேஞ்ச். கடைசியாக, வீட்டுக்கு வந்துபோகிறவர்கள்.

முதல் ஆளைச் சொந்த நோட் முழுசாக வெளியே அனுப்பிவிடும். இரண்டாவது, மூன்றாவது ஆட்கள் விஷயத்தில் கவனமில்லாமல் நோட் வைத்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். நான்காவது ஆளிடம் நோட் எதுவும் செய்யாது. இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, அதற்கு முன்பே 2022 ஜூலை 1 முதல் விற்பனையில் 1% டிடிஎஸ் பிடிக்கிறார்கள். உங்கள் பான் எண்ணும், நீங்கள் எந்த முகவரிக்குக் காயினை எடுத்தீர்கள் என்பதும் அவர்களிடம் இருக்கிறது, அந்த முகவரியிலிருந்து அடுத்து எங்கே போனது என்பது பிளாக்செயினில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. நோட் வைத்தால் வரித்துறைக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிட்காயினை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எனக்கு அது பழக்கம் என்பதுதான். மற்ற காயின்களிலும் கதை இதேதான். எத்தீரியத்தில் மெட்டாமாஸ்க் வாலட் இயல்பாகப் பேசுவது இன்ஃபுராவின் சர்வரோடு. இரண்டுக்கும் உரிமையாளரான கன்சென்சிஸ், இன்ஃபுரா வழியாகப் போகும் பரிவர்த்தனைகளில் ஐபி முகவரியும் வாலட் முகவரியும் சேகரிக்கப்படும் என்று 2022 நவம்பரில் தன் கொள்கையில் எழுதியபோதுதான் பலருக்கு அது உறைத்தது.

எந்த மெஷின், எவ்வளவு இடம்

புதிதாக எதையும் வாங்காதீர்கள், முதலில் வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பைப் பாருங்கள். பேட்டரி ஓரளவு உயிரோடு இருந்தால் அதுவே யுபிஎஸ். 8 ஜிபி ரேம் இருந்தால் நல்லது, 2 டிபி எஸ்எஸ்டி ஒன்று கட்டாயம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் முயன்றால் முடியாது என்றில்லை, ஆனால் பொறுமை முதலில் தீர்ந்துவிடும்.

ஆன்லைனில் "பிட்காயின் நோட்" என்றே பெயர் போட்ட ரெடிமேட் பெட்டிகள் விற்கிறார்கள். வசதிதான். ஆனால் அதை வாங்கும்போது உங்கள் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் மூன்றும் "இவரிடம் பிட்காயின் இருக்கிறது" என்ற பட்டியலில் ஏறுகின்றன. லெட்ஜர் ஹார்டுவேர் வாலட் வாங்கியவர்களில் சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் போன் நம்பரும் 2020-ல் கசிந்து, அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. வாலட்டின் பாதுகாப்பில் ஒரு ஓட்டையும் இல்லை, கசிந்தது கடையின் பில் விவரம். பிரைவசிக்காக ஒரு பெட்டியை வாங்கப் போய் அந்தப் பெட்டியாலேயே மாட்டிக்கொள்ள வேண்டாம். பழைய லேப்டாப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இப்போது இடம். முழு பிளாக்செயின் சுமார் 700 ஜிபி. ப்ரூன் செய்த நோட் என்று ஒன்று உண்டு, எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்த்துவிட்டுப் பழைய பிளாக்குகளை அழித்துவிடும். குறைந்தபட்சம் 550 எம்பி பிளாக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம், மற்றவற்றோடு சேர்த்து 20 ஜிபி போதும். இறக்குவது எப்படியும் முழு 700 ஜிபிதான், அதில் சலுகை கிடையாது.

ப்ரூன் நோட் பாதுகாப்பில் குறைந்ததல்ல. ஆனால் பிரைவசியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய வாலட் ஒன்றை அதில் ஏற்றினால், அந்த வாலட்டின் பழைய வரவு செலவைத் தேட பழைய பிளாக்குகள் அங்கே இருக்காது. அப்போது என்ன செய்வோம்? "ஒருமுறை மட்டும்" என்று சொல்லிக்கொண்டு பிளாக்செயினைத் தேடிப் பார்க்க உதவும் ஏதாவது பொது எக்ஸ்ப்ளோரர் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்ப்போம். அந்த ஒருமுறையில் எல்லாம் போயிற்று. அதனால் இடம் வாங்க முடிந்தால் முழு நோட்டே வையுங்கள்.

இறக்குவது

நோடை இயக்கும் பிட்காயின் கோர் மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுங்கள், கூடவே கொடுக்கப்படும் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) பட்டியலோடும் கையொப்பங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். 2018 டிசம்பரில் எலக்ட்ரம் வாலட் வைத்திருந்தவர்களுக்கு, கெட்ட சர்வர்கள் "புதிய பதிப்பை இறக்குங்கள்" என்று வாலட்டுக்குள்ளேயே செய்தி காட்டின. இறக்கியவர்கள் காயினை இழந்தார்கள். சர்வர் என்பது வேடிக்கை பார்க்கும் ஆள் மட்டுமில்லை, சில சமயம் பேசவும் செய்யும்.

நோடை நிறுவும் முன் டிஸ்க்கை முழுசாக என்கிரிப்ட் செய்துவிடுங்கள், உபுண்டு லினக்ஸை நிறுவும்போதே அதற்கான தேர்வு வரும். பிறகு செய்யலாம் என்று விட்டால் 700 ஜிபி ஏறின பிறகு யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை, இரண்டாவது முறை புதிதாகப் போட்டபோதுதான் செய்தேன்.

முதல் முழு இறக்கத்தை நேரடி இணைப்பில் செய்வதா, டோர் (ஐபி முகவரி தெரியாதபடி பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் நெட்வொர்க்) வழியாகச் செய்வதா என்று இங்கே முதல் பெரிய முடிவு வருகிறது. நேரடியாக என்றால் நல்ல ஃபைபர் இணைப்பில் ஒன்றிரண்டு நாளில் முடியலாம். ஆனால் நோட் முதல்முறை எழுந்ததும் துணைக்கு ஆள் தேடி டிஎன்எஸ் சீட் எனப்படும் சில பெயர்களை விசாரிக்கும், அந்த விசாரிப்பு பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வருக்கே (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) போகும். அப்புறம் பிட்காயின் நோடுகள் வழக்கமாகப் பேசும் 8333 என்ற போர்ட் (இணைப்பு வாசல்) எண், நாள் முழுக்கக் கொட்டும் டேட்டா, அதன் பிறகு சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. இந்த வீட்டில் பிட்காயின் நோட் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க இது தாராளம். நோடுகளுக்கிடையே பேச்சு பல வருடங்கள் மறைக்குறியாக்கமே இல்லாமல்தான் போனது. 2024 ஏப்ரலில் வந்த 27.0 பதிப்பிலிருந்துதான் மறைக்குறியாக்கம் இயல்பாகவே செயல்படுகிறது. அது உள்ளே போகும் பேச்சை மறைக்கும், துடிப்பை மறைக்காது.

டோர் வழியாக இறக்கினால் இணைய நிறுவனத்துக்கு டோர் பயன்படுத்துகிறீர்கள் என்று மட்டும் தெரியும், ஆனால் நாட்கள் வாரங்களாகலாம்.

என் கருத்து இது: வீட்டில் நோட் ஓடுகிறது என்ற செய்தியே உங்களுக்கு ஆபத்து என்றால், முதல் நாளிலிருந்தே டோர், வேறு பேச்சில்லை. "எனக்கு அதில் கவலையில்லை, எந்தக் காயின் என்னுடையது என்பதுதான் தெரியக்கூடாது" என்றால், நேரடியாக இறக்கி முடித்துவிட்டுப் பிறகு டோருக்கு மாறுங்கள். இறக்கும் காலத்தில் நோடில் வாலட் எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான பிளாக்செயினை இறக்குவதிலிருந்து உங்கள் முகவரியை யாரும் ஊகிக்க முடியாது. பெரும்பாலோர் இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

டோருக்கு மாறுவது

லினக்ஸில் டோர் சேவையை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். அது 127.0.0.1 முகவரியில் 9050 போர்ட்டில் காத்திருக்கும். டோர் பிரவுசரோடு வருவது 9150, இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மாலையை வீணாக்காதீர்கள். பிட்காயின் கோரின் அமைப்புகளில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய் ப்ராக்ஸியாக இந்த முகவரியையும் போர்ட்டையும் கொடுத்து, மூடித் திறங்கள். பியர்ஸ் ஜன்னலில் யாரோடு எந்த வழியில் இணைந்திருக்கிறோம் என்று தெரியும், அதைக் கண்ணால் பாருங்கள்.

இவ்வளவு செய்தால் வெளியே போகும் எல்லா இணைப்பும் டோர் வழியாகப் போகும், சாதாரண ஐபி முகவரியில் இருக்கும் நோடுகளையும் டோரின் வெளிவாசல் வழியாகத் தொடும். வெளிவாசலே வேண்டாம், டோருக்குள்ளேயே இருக்கும் நோடுகளோடு மட்டும் பேசினால் போதும் என்றால், அமைப்புக் கோப்பில் ஒன்லிநெட் (onlynet) என்ற வரிக்கு ஆனியன் (onion) என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும் (கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை).

சரி, ஆனியன் மட்டும் வைத்தால் முழுப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. ஒரு ஆள் ஆயிரம் ஐபி முகவரிகளைப் பிடிக்கக் காசு செலவழிக்க வேண்டும், டோருக்குள் இருக்கும் ஆயிரம் ஆனியன் முகவரிகளை உருவாக்க ஒரு பைசா செலவில்லை. உங்கள் நோட் வெளியே பிடிக்கும் இணைப்புகள் வழக்கமாகப் பத்துதான், பரிவர்த்தனைகளும் வரும் இணைப்புகள் எட்டு, பிளாக் மட்டும் வாங்கும் இணைப்புகள் இரண்டு. அந்தப் பத்தும் ஒரே ஆளுடையவையாக அமைந்துவிட்டால் அவன் காட்டும் உலகம்தான் உங்களுக்கு உலகம். இதற்கு எக்லிப்ஸ் தாக்குதல் என்று பெயர், ஈதன் ஹைல்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-ல் விரிவாகக் காட்டினார்கள், அதன் பிறகு கோரில் பல தடுப்புகள் சேர்க்கப்பட்டன. பெரிய தொகை கையாளாத வீட்டு நோடுக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள், ஆனாலும் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐ2பி என்ற இன்னொரு மறைவழியையும் சேர்த்துக்கொள்வது நல்ல நடுவழி, 2021-ல் வந்த 22.0 பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவு இருக்கிறது.

வாசலைத் திறந்து வைப்பதா?

உள்வரும் இணைப்புகளை ஏற்றால் நெட்வொர்க்குக்கு உபகாரம். புதிதாக வருகிறவர்களுக்கு உங்கள் நோட் பிளாக்குகளைக் கொடுக்கும், அதற்கு மாதம் 200 ஜிபிக்கு மேல் அப்லோட் போகலாம், உங்கள் பிளானில் மாத வரம்பு இருந்தால் பாருங்கள். ஆனால் வெளிப்படையான ஐபியில் வாசலைத் திறந்தால், திறந்திருக்கும் நோடுகளைத் தேடித் தேடிப் பட்டியல் போடும் பிட்நோட்ஸ் போன்ற தளங்களில் உங்கள் ஐபி முகவரியும் இணைய நிறுவனத்தின் பெயரும் ஊரும் ஏறிவிடும்.

பட்டியல் போடுகிறவர்கள் வெளிப்படையாகச் செய்கிறார்கள், பரவாயில்லை. சும்மா வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. 2023 மார்ச்சில், 0எக்ஸ்பி10சி என்ற பெயரில் எழுதும் டெவலப்பர், பிட்காயின் நோடுகளில் குறைந்தது 2018 முதல் தொடர்ந்து இணைந்து, என்னென்ன பரிவர்த்தனைகள் அறிவிக்கப்படுகின்றன என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதினார். அதற்கு லிங்கிங்லயன் என்று பெயர் வைத்தார். எந்தப் பரிவர்த்தனை எந்த ஐபியிலிருந்து கிளம்பியது என்று கோப்பதுதான் நோக்கம் என்பது அவர் ஊகம். யார் என்று தெரியவில்லை.

நம் ஊரின் பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் நீங்கள் விரும்பினாலும் உள்வரும் இணைப்பு வராது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, உங்கள் நோட் சரிபார்க்கும் வேலையை அதே ஒழுங்கோடு செய்யும். உபகாரமும் செய்ய வேண்டும் என்றால் டோர் வழியாக மட்டும் வாசலைத் திறங்கள், போர்ட் திறக்கவே வேண்டியதில்லை. ஆனால் டோரிலும் வெளிப்படை ஐபியிலும் ஒரே நோடைச் சேர்த்துத் திறக்காதீர்கள், இரண்டும் ஒரே மெஷின் என்று பொருத்திப் பார்க்க வழிகள் உண்டு. ரௌட்டரிடம் கேட்டுத் தானாகவே போர்ட்டைத் திறந்துகொள்ளும் ஒரு அமைப்பும் இருக்கிறது, அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாலட்டை இணைப்பது

இதுவரை செய்ததெல்லாம் அடுப்பு மூட்டியது மாதிரி, சமையல் இங்கேதான். நோட் ஓடுகிறது என்பதால் உங்கள் வாலட் அதோடு பேசுகிறது என்று அர்த்தமில்லை. ஆறு மாதமாக வீட்டில் நோட் ஓட்டிக்கொண்டு, போன் வாலட் இன்னும் நிறுவனத்தின் சர்வரையே கேட்டுக்கொண்டிருந்த ஆட்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

கம்ப்யூட்டரில் ஸ்பாரோ வாலட் இதற்கு நல்லது. மூன்று வழிகளில் இணையும்: பொது சர்வர், நேரடியாக பிட்காயின் கோர், சொந்த எலக்ட்ரம் சர்வர். கீழ் மூலையில் உள்ள பொத்தானின் நிறம் முறையே மஞ்சள், பச்சை, நீலம். மஞ்சளில் இருந்தால் பழைய தபால்காரரிடமே நிற்கிறீர்கள்.

பச்சைக்கும் நீலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நேரடியாகக் கோரோடு இணைத்தால், உங்கள் பொதுத் திறவுகோல்களும் இருப்பு விவரமும் நோட் இருக்கும் மெஷினில் மறைக்குறியாக்கம் இல்லாமல் எழுதி வைக்கப்படும். அந்த மெஷின் நாள் முழுக்க இணையத்தில் இருக்கும் மெஷின், அதில் யாராவது நுழைந்தால் பணத்தை எடுக்க முடியாது, ஆனால் பாஸ்புக்கை முழுசாகப் படித்துவிடலாம். எலக்ட்ரம் சர்வர் ஒன்றை நோடுக்குப் பக்கத்தில் நிறுவினால் அது எல்லா முகவரிகளுக்குமான ஒரு அட்டவணையைப் போட்டு வைத்துக்கொள்ளும், உங்களுடையது எது என்று தனியாக எழுதி வைக்காது. அப்படிப்பட்ட சர்வர் மென்பொருள்களில் எலக்ட்ரஸ் குறைந்த இடம் எடுக்கும், ஃபுல்க்ரம் அதிக இடம் எடுத்து வேகமாகப் பதில் சொல்லும். எலக்ட்ரஸுக்கு ப்ரூன் செய்யாத முழு நோட் கட்டாயம், 2 டிபி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். என் ஓட்டு எலக்ட்ரஸுக்கு, வீட்டில் ஒரு ஆள் கேட்பதற்கு அந்த வேகம் போதும்.

எலக்ட்ரம் வாலட்டைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த சர்வர் கிடைக்காவிட்டால் அது தானாகவே வேறு பொது சர்வரைத் தேடிப் போகும் பழக்கம் உடையது. ஒரே சர்வரோடு மட்டும் பேசு என்ற தேர்வை இயக்கி வையுங்கள்.

அடுத்தது, பழைய முகவரிகள். ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு எக்ஸ்பப் போயிருந்தால் அந்த வாலட் அவர்களைப் பொறுத்தவரை திறந்த புத்தகம், இன்று நோடோடு இணைத்தாலும் நாளை வரும் பணத்தையும் அவர்கள் அந்த எக்ஸ்பப்பை வைத்தே பார்க்கலாம். புதிய சீட் வார்த்தைகளோடு (வாலட்டை மீட்டெடுக்க உதவும் சொற்பட்டியல்) புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, அதை முதல் நாளிலிருந்தே சொந்த நோடோடு மட்டும் இணைக்க வேண்டும். அப்படியானால் பழைய காயின்களை எல்லாம் மொத்தமாகப் புதியதற்கு அனுப்பிவிடலாமா? வேண்டாம். மொத்தமாக ஒரே பரிவர்த்தனையில் அனுப்பினால், தனித்தனியாகக் கிடந்த முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று நீங்களே பிளாக்செயினில் எழுதிக் கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும், அது அழியவே அழியாது. செலவு செய்யும்போது பழையதிலிருந்து ஒவ்வொன்றாகச் செலவழியுங்கள், புதிதாக வருவதைப் புதியதில் வாங்குங்கள். மெதுவாகக் காலியாகட்டும்.

சொந்த நோட் வேண்டாம், ஆனால் முகவரிகளையும் கொடுக்க மனமில்லை என்பவர்களுக்குப் பிளாக் ஃபில்டர் முறையில் இயங்கும் வாலட்டுகள் உண்டு. சர்வரிடம் முகவரியைக் கேட்காமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு சுருக்கத்தை வாங்கி, பொருந்தும் பிளாக்கை முழுசாக இறக்கி உள்ளே தேடிக்கொள்ளும். இதற்கு முன்பிருந்த ப்ளூம் ஃபில்டர் முறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது முகவரிகளைக் கிட்டத்தட்ட அப்படியே காட்டிக்கொடுக்கிறது என்று 2014-லேயே ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

பணம் அனுப்பும் நொடி

இருப்பைப் பார்ப்பது உள் விவகாரம். பணம் அனுப்புவது வெளியே பேசுவது, ஜன்னல் முழுசாகத் திறக்கும் நேரம் அதுதான். ஒரு பரிவர்த்தனையை உங்களுக்கு முதலில் சொன்ன நோட்தான் பெரும்பாலும் அதைக் கிளப்பிய நோட் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேன் கமின்ஸ்கி 2011-லேயே சொன்னார். அதற்குப் பிறகு கோரில் ஒவ்வொரு இணைப்புக்கும் வெவ்வேறு தாமதம் வைத்துச் சொல்லும் முறை வந்தது. ஆனாலும் எல்லா நோடுகளிலும் காது வைத்திருப்பவனுக்கு அது வேலையைக் கடினமாக்குமே தவிர முடியாததாக்காது. உங்கள் நோட் டோருக்குப் பின்னால் இருந்தால், அவன் கண்டுபிடித்தாலும் கையில் கிடைப்பது ஐபி முகவரி இல்லை.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. டேட்டாவை மிச்சப்படுத்தவோ, "மற்றவர்கள் பரிவர்த்தனையை நான் ஏன் சுமக்க வேண்டும்" என்றோ, பிளாக்குகளை மட்டும் வாங்கும் முறையை இயக்கிவிடுவார்கள். அந்த முறையில் நோட் பிறர் பரிவர்த்தனைகளைப் பரப்பாது. ஆனால் உங்களுடையதை அனுப்பும். நாள் முழுக்க வாயே திறக்காத ஆள் திடீரென்று ஒரு வார்த்தை சொன்னால் அது அவனுடைய சொந்த வார்த்தைதான் என்று யாருக்கும் தெரியாதா? ஊரார் கடிதங்களையும் சேர்த்துச் சுமக்கிறவனிடம்தான் எது அவன் கடிதம் என்று பிரித்தறிவது கஷ்டம். பிரைவசிக்காக நோட் வைக்கிறீர்கள் என்றால் அந்த முறையைத் தொடாதீர்கள், டேட்டா குறைய வேண்டுமென்றால் அப்லோடுக்கு வரம்பு வையுங்கள்.

நோட் வெளிப்படை ஐபியில்தான் ஓடுகிறது, மாற்றவும் மனமில்லை, ஆனால் ஒரு குறிப்பிட்ட பணத்தை மட்டும் வீட்டோடு சம்பந்தமில்லாமல் அனுப்ப வேண்டும் என்றால், கையெழுத்திட்ட பரிவர்த்தனையை டோர் பிரவுசரில் ஒரு பொது எக்ஸ்ப்ளோரரின் ஒளிபரப்பும் பக்கத்தில் ஒட்டி அனுப்பலாம். அவர்களுக்குப் பரிவர்த்தனை தெரியும், யார் என்று தெரியாது. அனுப்பிவிட்டு, உறுதியாகிவிட்டதா என்று அதே தளத்தை சாதாரண பிரவுசரில் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். பார்க்காதீர்கள், உங்கள் நோடே சொல்லும்.

வெளியூரில் இருக்கும்போது

போனிலிருந்து வீட்டு நோடைத் தொட டோர் ஆனியன் முகவரி ஒன்றை எலக்ட்ரம் சர்வருக்கு அமைக்கலாம், கொஞ்சம் மெதுவாக இருக்கும். வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைவது வேகம், அதற்கு ஒரு பொது ஐபி வேண்டும். எதைச் செய்தாலும் 8332 என்ற நிர்வாகப் போர்ட்டையும் எலக்ட்ரம் சர்வரின் 50001 போர்ட்டையும் ரௌட்டரில் வெளி உலகுக்குத் திறக்காதீர்கள். இதற்கு விளக்கமே தேவையில்லை.

மின்சாரம் போகும்போது

இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு மழைக்கால இரவில் மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது, அன்று என் மெஷினில் பேட்டரி செத்துப்போன நிலை. காலையில் நோட் எழவில்லை, உள்ளே இருந்த தரவுத்தளம் கெட்டுப்போய் முழுவதையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்றது. இரண்டரை நாள் ஆனது. அதன் இரண்டாம் நாளில் ஒருவர் எனக்குப் பணம் அனுப்பியிருந்தார், வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் வாலட்டைப் பொது சர்வருக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு நிமிடம். ஒன்றரை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த முகவரிகள் மொத்தமும் யாரோ ஒருவரின் சர்வரில் என் வீட்டு ஐபியோடு போய் விழுந்தன. தாக்குதல் கிடையாது, ஹேக்கர் கிடையாது, அவசரம் மட்டும்தான். நல்ல பேட்டரி ஒன்று அன்று இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எனவே கடைசிப் படியாக ஒரு சோதனை செய்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். வாலட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நோட் மெஷினின் இணைய வயரைப் பிடுங்குங்கள். போன் வாலட்டையும் அதே நேரத்தில் திறந்து புதுப்பியுங்கள். "இணைப்பு இல்லை" என்று வந்தால் எல்லாம் சரி. வயர் பிடுங்கிய பிறகும் உங்கள் இருப்பைப் பளிச்சென்று புதுப்பித்துக் காட்டுகிறதா? அப்படியானால் அது இவ்வளவு நாளும் வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறது, வாலட்டை இணைக்கும் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.